எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார்: இசையும் ஈகையும்

வைகறைப் போதில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நடந்து செல்வோர் ஒரு குரலைக் கேளாமற் செல்லுதல் அரிது. எம் ஊராகிய விம்கோ நகரில் தேநீர்க் கடைக்காரர் முதலில் அடுப்பை மூட்டுவார். அடுத்த வேலையாக வேங்கடேச சுப்ரபாதத்தை ஒலிக்கச் செய்வார். எண்ணூர்த் தொழிற்சாலைகளில் இரவு வேலை முடித்துத் திரும்புவோரும், காசிமேட்டுக்கு மீன் எடுக்கச் செல்லும் மகளிரும், காலை ஆராதனைக்குச் செல்லும் எம்மனோரும் அக்குரலின் ஊடேதான் நடக்கின்றனர். அது எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் குரல் என்பதைச் சிறுவரும் அறிவர். அவர் ஒரு காலத்தில் திரைப்படத்தில் தலைவியாக நடித்துப் புகழ் பெற்றவர் என்பதை அறிந்தோர் சிலர். அப்புகழாலும் கச்சேரிகளாலும் ஈட்டிய பொருள் எவ்வழிச் சென்றது, அதனால் நாட்டுப்புறத்துப் பெண்டிர்க்கும் குழந்தைகட்கும் விளைந்த நலம் யாது என்பதை அறிந்தோர் மிகச் சிலர். அதனையே யாம் ஈண்டு எழுதப் புகுந்தோம். அவர்தம் இசையின் நுட்பங்களை ஆராய்தற்கு எமக்குப் பயிற்சி போதாது. இசை வல்ல அன்பர்கள் அதனைச் செய்வாராக.

திரைப்பட நடிகர் ஒருவர் குழந்தைகளின் நலங் கருதி நாடு நாடாகச் செல்லுதல் இக்காலத்தில் புதுமையன்று. உலகப் போர் முடிந்தபின், 1946-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமாகிய யூனிசெப் நிறுவப்பெற்றது. 1954-ல் டேனி கே என்னும் அமெரிக்க நடிகர் அதன் தூதராகப் புறப்பட்டார். ஆட்ரி ஹெப்பர்ன் அம்மையார் 1988-ல் பஞ்சத்தால் வாடிய எத்தியோப்பியாவுக்குச் சென்றதும், 1992-ல் தமது இறுதிக்குச் சில திங்கள் முன்னர்ச் சோமாலியாவுக்குச் சென்றதும் உலகறிந்த செய்திகள். இவ்விருவருக்கும் முன்னரே, அந்நிதியம் தோன்றுதற்கே ஈராண்டு முன்னரே, இருபத்தெட்டு அகவை நிரம்பிய தமிழ் நடிகை ஒருவர், சிற்றூர்ப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்றே தொகுக்கப்பட்ட பெருநிதி ஒன்றிற்குத் தம் குரலைக் கொடுத்தார். அவரைத் தூதரென்று எவரும் அழைக்கவில்லை.

அம்மையார் 1916-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 16-ஆம் நாள் மதுரையில் பிறந்தார். அன்னையார் சண்முகவடிவு வீணையிற் பெயர் பெற்றவர். பாட்டியார் அக்கம்மாள் வயலின் வாசித்தவர். தமையன் சக்திவேல் மிருதங்கம் பயின்றார். தங்கை வடிவாம்பாள் வீணை பயின்றார். எம். எஸ். என்னும் ஈரெழுத்துக்களை நாம் நாள்தோறும் சொல்லுகின்றோம்; அவை எவற்றைக் குறிக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பவர் குறைவு. முன்னது மதுரை, பின்னது சண்முகவடிவு. தந்தையின் பெயர் நிற்க வேண்டிய இடத்தில் தாயின் பெயர் நிற்கின்றது. அம்மையார் பிறந்த மரபில் கலையும் பெயரும் தாய்வழியே வந்தன. திருமணம் என்னும் காப்பு மட்டும் அம்மரபுப் பெண்களுக்கு வாய்த்திலது. கோயிலிலும் அரசவையிலும் ஆடியும் பாடியும் நாட்டின் இசையைக் காத்த அம்மகளிரைப் போற்றிய அதே ஊரார், அவர்களைத் தம் இல்லத்துப் பெண்களோடு ஒப்ப வைத்து எண்ணவில்லை. செல்வர் ஒருவரின் ஆதரவை நம்பி வாழ்தலே பலர்க்கு விதிக்கப்பட்ட வழியாயிற்று.

அம்மையாரின் இளமைக் காலமும் அவ்வழக்கத்தை ஒழிக்க எழுந்த கிளர்ச்சியின் காலமும் ஒன்றே. புதுக்கோட்டையிற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று மருத்துவரான முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சென்னைச் சட்டமன்றத்தில் முதற் பெண் உறுப்பினராக அமர்ந்து, சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை எதிர்த்து வாதாடினார். அவர்தம் அன்னையாரும் அம்மரபினரே. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அவ்வாழ்வின் துயரை 1936-ல் நாவலாகவே எழுதி வெளியிட்டார். ஆயினும் பொட்டுக் கட்டுதலை முற்றும் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் நிறைவேறிற்று. சட்டம் வருமுன் பிறந்த ஒரு பெண் சட்டத்தை நம்பி வாழ இயலாது. தன் காலையே நம்ப வேண்டும்.

சுப்புலட்சுமி அவ்வாறே செய்தார். பத்து அகவையளவில் இசைத்தட்டிற் பாடிப் புகழ் தொடங்கிய பெண்ணுக்கு இருபது வயது நெருங்கிய காலத்தில், செல்வர் ஒருவரின் ஆதரவில் அவரை அமர்த்திவிட அன்னையார் எண்ணினார். அன்னையாரைப் பழித்தல் எம் கருத்தன்று. மகளுக்குத் தாம் அறிந்த ஒரே பாதுகாப்பினைத் தேடினார் என்றே கொள்ளுதல் வேண்டும். மகள் அதற்கு இசையாது, 1936-ல் மதுரையினின்றும் தனியே சென்னைக்கு வந்துவிட்டார். மேடையிற் பாடுதலன்றிப் பிறரோடு நான்கு வார்த்தை பேசவும் கூசிய இயல்பினர் என்று அவரை அறிந்தோர் கூறுவர். அத்தகையவர் அன்று செய்த துணிவு சிறியதன்று. சென்னையில் அவருக்குத் துணை நின்றவர் தேசிய இயக்கத்தில் ஈடுபட்டிருந்தவரும் ஆனந்த விகடனில் பணிபுரிந்தவருமாகிய தி. சதாசிவம். மனைவியை இழந்தவரான அவரை அம்மையார் 1940-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10-ஆம் நாள் திருநீர்மலையில் மணந்தார். இராதை, விஜயா என்னும் அவருடைய பெண்மக்கள் இருவரையும் தம் மக்களாகவே வளர்த்தார்.

இதற்கிடையே அவர் திரைப்படத்திற் புகுந்திருந்தார். அம்முதற் படம் எதுவென்பது எம் பொருளுக்கு மிகவும் இன்றியமையாதது. ஆதலின் அதனைச் சற்று விரித்துரைப்போம். 1938-ஆம் ஆண்டு வெளிவந்த சேவாசதனம் என்பதே அது. மூலக்கதை வடநாட்டு எழுத்தாளர் பிரேம்சந்த் எழுதிய நாவல். காந்தியடிகளின் தொண்டரான எஸ். அம்புஜம்மாள் அதனைத் தமிழாக்கினார். படமாக்கியவர் இயக்குநர் கே. சுப்பிரமணியம். அவர் அதற்கு முந்திய ஆண்டில் பாலயோகினி என்னும் படத்தின் வாயிலாகக் கைம்பெண்களின் துயரையும் சாதி வேற்றுமையின் கொடுமையையும் காட்டியவர். புராணக் கதைகளன்றிப் பிறிதொன்று ஓடாது என்று முதலாளிகள் நம்பிய காலத்தில் சமூகக் கதைகளை எடுக்கத் துணிந்தவர்.

சேவாசதனத்தின் கதை இதுவாகும். வரதட்சிணை கொடுக்க வழியில்லாத குடும்பத்துப் பெண்ணொருத்தி, தந்தை போன்ற வயதுடைய ஒருவருக்கு வாழ்க்கைப்படுகிறாள். கணவன் அவள்மேல் ஐயங்கொண்டு நள்ளிரவில் வீட்டைவிட்டு வெளியேற்றுகிறான். நல்லவர் என்று பெயர் பெற்ற எவரும் அவளுக்குக் கதவு திறக்கவில்லை. கதவு திறந்த ஒரே வீடு பொதுமகளின் வீடு. பின்னர் அவள் அவ்வாழ்வினின்றும் மீண்டு பிறர்க்குத் தொண்டு செய்யும் நிலைக்கு உயர்கிறாள். நாவலின் முடிவில் அவள் பணிபுரியும் சேவாசதனம், பொதுமகளிரின் பெண்குழந்தைகளை வளர்த்துக் கல்வி புகட்டும் இல்லமாகும். முதிய கணவராக நடித்தவர் எப். ஜி. நடேச ஐயர். அவர் தம் செயலுக்கு வருந்திப் பூணூலை அறுத்தெறியும் காட்சி அந்நாளிற் பெரும் பரபரப்பை விளைத்தது. 1929-ல் நிறைவேறிய சாரதா சட்டம் சிறுமியரின் திருமண வயதைப் பதினான்காக வரையறுத்திருந்தது உண்மையே. ஆயினும் பதினைந்து வயதுப் பெண்ணை ஐம்பது வயது முதியவருக்குக் கொடுத்தலை அச்சட்டம் யாதொன்றும் செய்யவில்லை. சட்டம் தொடாத அவ்விடத்தைப் படம் தொட்டது.

அப்பெண்ணாக நடித்தவர் யார் என்பதை நினைந்து பார்க்க வேண்டும். குடும்ப வாழ்வினின்றும் பொதுமகளின் இல்லத்திற்குத் தள்ளப்பட்டவளின் கதையை, குடும்ப வாழ்வின் உரிமை மறுக்கப்பட்ட மரபிற் பிறந்த ஒருவர் நடித்துக் காட்டினார். பார்த்த மக்களில் பலர் அவர் பிறப்பை அறிந்தே வந்தனர். படம் வெற்றி பெற்றது. ஊர்தோறும் பெண்கள் அதனைக் கண்டனர். இக்காலத்து இதழ்கள் பெண்ணுரிமைப் படங்கள் எனச் சிலவற்றைப் போற்றும்போது, தொண்ணூறு ஆண்டுகட்குச் சற்றுக் குறைந்த காலத்திற்கு முன்னரே தோன்றிய இதனை மறந்துவிடுவது எமக்கு வருத்தந் தருகின்றது.

பிற படங்களை விரைந்து சொல்லிச் செல்லலாம். 1940-ல் சகுந்தலை, ஜி. என். பாலசுப்பிரமணியம் துஷ்யந்தனாக நடிக்க, அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கியது. 1941-ல் சாவித்திரி, அதில் அம்மையார் பூண்டது நாரதர் வேடம். ஆண் வேடம் புனைந்து நடித்த அப்படத்தின் ஊதியம், கல்கி கிருஷ்ணமூர்த்தியும் சதாசிவமும் சேர்ந்து அவ்வாண்டே தொடங்கிய கல்கி இதழுக்கு முதலாயிற்று. பொன்னியின் செல்வனைப் படித்து மகிழும் நம் மாணவர்கள், அது வெளிவந்த இதழ் ஒரு பெண்ணின் நடிப்பூதியத்தால் எழுந்தது என்பதை அறிதல் தகும். 1945-ல் மீரா தமிழிலும், 1947-ல் இந்தியிலும் வெளிவந்தது. அதன்பின் அவர் நடிக்கவில்லை. நாடெங்கும் புகழ் பரவிய அந்நிலையில், முப்பத்தோராம் வயதில், திரையை விட்டு விலகினார்.

மீரா படமாகிக் கொண்டிருந்த காலத்திலேதான் நாம் முன்னர்க் குறித்த பெருநிதியின் நிகழ்ச்சி நேர்ந்தது. 1942-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது காந்தியடிகளோடு சிறைப்பட்ட கஸ்தூரிபா அம்மையார் 1944-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்கள் 22-ஆம் நாள் புனாவில் ஆகாகான் மாளிகைக் காவலில் உயிர் நீத்தார். அவர் நினைவாக எழுபத்தைந்து லட்ச ரூபாய் திரட்டி, அடிகள் எழுபத்தைந்து வயது நிறையும் அவ்வாண்டு அக்டோபர் 2-ஆம் நாளில் அவர் கையிற் சேர்ப்பிப்பதென்று தலைவர்கள் உறுதி செய்தனர். அந்நிதி எதற்கென்பதும் வரையறுக்கப்பட்டது. சிலை எழுப்புதற்கன்று, மண்டபங் கட்டுதற்குமன்று. நாட்டுப்புறத்துப் பெண்கள், குழந்தைகள் ஆகியோரின் நலத்திற்கு மட்டுமே அது செலவாதல் வேண்டும்.

போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. அரிசி பங்கீட்டில் வந்தது. முந்திய ஆண்டில் வங்காளம் பஞ்சத்தால் அழிந்தது. தலைவர்கள் பலர் இன்னும் சிறையில் இருந்தனர். அத்தகைய நாளில் மக்களிடமிருந்து பணம் திரட்டுதல் எளிதன்று. அம்மையார் அந்நிதிக்காகத் தொடர்ந்து கச்சேரிகள் செய்தார். அவற்றின் வருவாய் முழுமையும் நிதிக்கே சென்றது. மொத்த நிதி குறித்த தொகையைக் கடந்து ஒரு கோடி ரூபாய்க்கும் மேற்பட்டது. அத்தொகை முழுவதும் ஒருவர் பாடி வந்ததன்று. ஏழைகள் இட்ட காசும் அதில் உண்டு. எனினும் கலைஞர் ஒருவர் இத்தகைய பொதுப்பணிக்குத் தம் தொழிலையே முழுதாகக் கொடுக்கும் வழியை அம்மையார் நிலைபெறச் செய்தார். அதன்பின் அறுபதாண்டு வாழ்வில் அவர் செய்த அறக்கொடைக் கச்சேரிகள் இருநூறுக்கும் மேற்பட்டவை.

அக்காலத்து நாட்டுப்புறத்தில் அந்நிதிக்கு இருந்த தேவையை உணர்தற்கு நம் பக்கத்து நிலையை ஒப்பிட்டுப் பார்த்தல் உதவும். இராயபுரத்தில் இராஜா சர் இராமசாமி முதலியார் பெயரால் விளங்கும் மகப்பேற்று மருத்துவமனை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுந்தது. துறைமுகத்துக் கூலியாளின் மனைவியும், மீனவப் பெண்ணும், நடந்தோ வண்டியிலோ அங்குச் சென்று சேர முடிந்தது. விம்கோ நகரிலும் எண்ணூரிலும் உள்ள குடும்பங்கள் பலவற்றிற் பாட்டியர் முதல் பேத்தியர்வரை அங்கே பிறந்தவர்கள். சிற்றூர்களில் அத்தகைய வசதி யாதும் இல்லை. பயிற்சியற்ற மருத்துவச்சி கையில் கிடைத்த கருவியால் கொப்பூழ்க் கொடியை அறுப்பாள். சில நாளிற் குழந்தை வலிப்புக் கண்டு இறக்கும். பேய் அடித்தது என்பர். தாய் பேறுகாலக் காய்ச்சலால் இறப்பாள், விதி என்பர். கொதித்த நீரும், தூய கத்தரிக்கோலும், அவற்றைப் பயன்படுத்தக் கற்ற ஒரு பெண்ணும் அவ்வூரில் இருந்தால் இவ்விரு சாவுகளையும் பெரும்பாலும் தடுக்கலாம்.

1945-ல் நிறுவப்பட்ட கஸ்தூரிபா காந்தி தேசிய நினைவு அறக்கட்டளை செய்த வேலையும் அதுவே. ஊர்ப்பெண்களையே தேர்ந்தெடுத்து, அவருள்ளும் கைம்பெண்களையும் கைவிடப்பட்டோரையும் விலக்காது சேர்த்துக்கொண்டு, மகப்பேற்று உதவி, குழந்தை வளர்ப்பு, தூய்மை, எழுத்தறிவு, கைத்தொழில் ஆகியவற்றைப் பயிற்றுவித்து, கிராம சேவிகைகளாகச் சிற்றூர்களுக்கு அனுப்பியது. பெண்ணுரிமையும் குழந்தை நலமும் இரண்டு வேலைகள் அல்ல என்பது இவ்வேற்பாட்டில் விளங்கும். வீட்டு மூலையில் முடங்கியிருந்த கைம்பெண், ஊரார் நள்ளிரவில் கதவைத் தட்டி அழைக்கும் பணியாளர் ஆயினார். குழந்தையும் பிழைத்தது, அவரும் தலைநிமிர்ந்தார்.

தமிழ்நாட்டில் இப்பணியைத் தலைமேற்கொண்டவர் டாக்டர் தி. சே. சௌந்தரம் அம்மையார். தி. வே. சுந்தரம் ஐயங்காரின் மகளாகிய அவர் இளமையிலேயே கணவரை இழந்தவர். தில்லியிற் பயின்று மருத்துவரானவர். சாதி கடந்து ஜி. இராமச்சந்திரனை மணந்தவர். 1947-ல் திண்டுக்கல்லுக்கு அண்மையிற் சின்னாளப்பட்டியில் இரண்டு படுக்கைகளோடு ஒரு சிறு மருத்துவ நிலையம் தொடங்கினார். அதுவே காந்திகிராமத்துக் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. மகப்பேறு, குழந்தை மருத்துவம், குடும்ப நலம் ஆகியவற்றில் அதன் பெயர் நாடெங்கும் பரவிற்று. எம். எஸ். அம்மையார் பாடிச் சேர்த்த பணத்தில் எந்த ரூபாய் எந்த ஊருக்குச் சென்றது என்று பிரித்துக் காட்டல் இயலாது. அந்நிதி தமிழ்நாட்டிற் சென்ற வழி இத்தகையது என்று மட்டும் காட்டினோம்.

அறக்கொடைக் கச்சேரி என்பது எவ்வாறு நடக்கும் என்பதையும் சில சொற்களாற் கூறுவோம். பாடுபவர் தமக்கென ஒன்றும் பெறார். பக்கவாத்தியக்காரர்களுக்கு உரியதைக் கொடுத்தாக வேண்டும். அரங்கு, விளம்பரம், பயணம் எல்லாம் செலவே. முன்வரிசை இருக்கைகளைச் செல்வர்கள் பெருந்தொகை கொடுத்து வாங்குவர். பின்வரிசைச் சீட்டுச் சில அணாக்களுக்கே விற்கும். ஆகவே செல்வனின் பெருமித ஆசையும் ஏழையின் இசை ஆசையும் ஒரே பெட்டியில் விழுகின்றன. ஈகையை மறைவிற் செய்க என்பது நம் ஆண்டவர் மலைமேற் போதித்தது. ஆயிரம் பேர் நடுவே விளக்கொளியில் அமர்ந்து பாடி ஈதல் அதற்கு முரணன்றோ என்று எம் நண்பர் ஒருவர் வினவினார். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. பாட்டு வெளிப்பட்டே ஆக வேண்டும். மறைந்திருந்தது, அன்று அவர் வாங்காது விட்ட ஊதியம். அதனைப்பற்றி அவர் மேடையிற் பேசியதே இல்லை.

ஈண்டு ஒரு தடையை எழுப்பாது செல்லுதல் நேர்மையாகாது. எந்தக் கச்சேரி, எந்த அறம், எத்தனை பாட்டு, எந்தப் பாட்டு என்பவற்றையெல்லாம் வகுத்தவர் சதாசிவமே என்பது யாவரும் அறிந்தது. அவையில் முன்வரிசையில் அமர்ந்து குறிப்புக் காட்டுபவர் அவர். அதன்படி பாடுபவர் அம்மையார். அங்ஙனமாயின் இவ்வறம் யாருடையது? தம் வாழ்விலேயே கணவர் சொல்லைக் கடவாத ஒருவரைப் பெண்ணுரிமைக்கு உழைத்தவர் வரிசையில் வைக்கலாமா? எம் வகுப்பில் இதுபற்றி வாதம் நிகழ்ந்தது. மாணவியர் பலர் வைக்கலாகாது என்றே கூறினர்.

அவர்கள் கூற்றில் உண்மை உண்டு. அம்மையார் உரிமைபற்றி ஒரு சொற்பொழிவும் செய்தாரல்லர், ஊர்வலத்திற் சென்றாரல்லர். சேவாசதனத்தில் முதிய கணவனின் ஆணையால் அழிந்த பெண்ணாக நடித்தவர், தம் இல்லத்தில் ஆணைக்கு அடங்கி வாழ்வதையே பெருமையாகக் கொண்டார். தாம் பிறந்த மரபின் பெயரைப் பொதுவிடத்தில் அவர் எடுத்துரைத்ததும் இல்லை. அவர் வாய் திறந்திருந்தால் அம்மரபின் பெண்கள் எத்தனைபேர் தலைநிமிர்ந்திருப்பர் என்று எண்ணும்போது, அம்மௌனம் ஓர் இழப்பே என்று யாமும் கருதுகின்றோம்.

ஆயினும் மறுபக்கமும் உண்டு. திட்டம் வகுத்தவர் கணவராயினும், மூன்று மணிநேரம் அமர்ந்து பாடிய உழைப்பு மனைவியுடையது. காய்ச்சலோடும் பயணக் களைப்போடும் பாடிய தொண்டை அவருடையது. மதுரையினின்றும் தனியே புறப்பட்ட நாளில் அவருக்கு ஆணையிட்டவர் எவரும் இலர். மேலும், உரிமையைப் பேச்சாற் பெற்றவர்களும் உளர். தாம் சென்று அமர்ந்ததனாலேயே பிறர்க்கு இடம் உண்டாக்கியவர்களும் உளர். சென்னை மியூசிக் அகாடமி தன் மாநாட்டுக்குத் தலைமை தாங்கும் வித்துவானுக்கு அளிக்கும் சங்கீத கலாநிதி விருதைப் பல்லாண்டுகள் ஆடவர்க்கே அளித்து வந்தது. 1968-ல் அதனை முதன்முதற் பெற்ற பெண் எம். எஸ். அம்மையார். பின்னர் டி. கே. பட்டம்மாள், தி. பிருந்தா, எம். எல். வசந்தகுமாரி முதலியோர் அவ்விடத்திற்கு வந்தனர். ஆதலின் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரோடு ஒரே வரிசையில் இவரை வைக்க யாம் துணியோம். அவர் வாதாடிப் பெற்றவர். இவர் வாரி வழங்கியவர். பெண்டிர்க்கு அக்காலத்தில் இரண்டும் வேண்டியிருந்தன.

காந்தியடிகளுக்கு மிக விருப்பமான மீராவின் பாடல் ஒன்று, திரௌபதியின் மானத்தைக் காத்த இறைவனை முன்னிட்டு அடியாரின் துயர் தீர்க்குமாறு வேண்டுவது. 1947-ல் அடிகளின் பிறந்த நாளை ஒட்டி அப்பாடலை அம்மையார் குரலிற் கேட்க அவர் விரும்பினார் என்று செய்தி வந்தது. அம்மையார் அதுவரை அதனைப் பாடியதில்லை. பாடம் செய்து, சென்னை வானொலி நிலையத்தில் இரவோடிரவாகப் பதிவு செய்து தில்லிக்கு அனுப்பினர். சில திங்கள் கழித்து, 1948 ஜனவரி 30-ஆம் நாள், அடிகளின் மறைவைக் கூறிய வானொலி அதே பதிவை ஒலிபரப்பிற்று. தம் குரலை எதிர்பாராமற் கேட்ட அம்மையார் மயங்கி விழுந்தார் என்பர்.

பின்னர் வந்த புகழைச் சுருங்கக் கூறுதும். 1954-ல் பத்மபூஷண், 1963-ல் எடின்பரோ விழா, 1966 அக்டோபரில் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகளின் பொதுப்பேரவை மண்டபத்தில் கச்சேரி. அங்கு உலக அமைதி வேண்டி இராஜாஜி ஆங்கிலத்தில் இயற்றிய பாடலும், காஞ்சி மடத்துப் பெரியவர் வடமொழியில் இயற்றிய பாடலும் பாடப்பட்டன. 1998-ல் பாரத ரத்னா. இசைவாணர் ஒருவர்க்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதன்முறை.

இவற்றுள் எம் பொருளுக்கு உரியது 1974-ஆம் ஆண்டின் ராமன் மக்சேசே விருது. பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து வழங்கப்படும் அவ்விருது பல துறைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அம்மையாருக்கு அதனை வழங்கியோர் கலைத் துறையில் வைத்து வழங்கவில்லை. பொதுத்தொண்டுத் துறையில் வைத்து வழங்கினர். நாற்பதாண்டுகளாகப் பொதுக் காரியங்களுக்கு அவர் கொடுத்தவற்றை அவர்கள் கணக்கிட்டனர். மருத்துவமனைகள், பள்ளிகள், ஏழை மாணவர் விடுதிகள், கோயில்கள் எனப் பலவும் அவர் பாட்டாற் பயன்பெற்றிருந்தன. விருதோடு வந்த தொகையையும் அவர் அறத்திற்கே அளித்தார்.

இத்துணைக் கொடுத்தவர் தமக்கென வைத்துக்கொண்டது யாது? கீழ்ப்பாக்கத்தில் கல்கி தோட்டம் என்னும் பெரிய இல்லத்தில் அவர்கள் வாழ்ந்தனர். விருந்தினர் இல்லாத நாளே அங்கு இல்லை. பின்னாளில் இதழ்த் தொழிலில் நெருக்கடி நேர்ந்தபோது அவ்வில்லம் கைவிட்டுப் போயிற்று. அவர்கள் சிறிய வீட்டிற்குக் குடிபெயர்ந்தனர். அந்நிலையிலும் சுப்ரபாத இசைத்தட்டின் உரிமைத்தொகையை அவர் தமக்கென்று கேட்கவில்லை. 1963-ல் வெளிவந்த அத்தட்டு விற்குந்தோறும் வரும் தொகை திருமலை திருப்பதி தேவஸ்தானத்து வேதபாடசாலைக்கு என்று முன்னரே எழுதிக் கொடுத்தாயிற்று. நம் நெடுஞ்சாலையில் நாளும் ஒலிக்கும் அக்குரல் தம் உரிமையாளருக்கு ஒரு காசும் ஈட்டித் தரவில்லை. அவருடைய இடர்ப்பாட்டை அறிந்த தேவஸ்தானத்தார், 1979-80-ஆம் ஆண்டளவில் அன்னமாசாரியரின் கீர்த்தனங்களைப் பாடிப் பதிவு செய்யுமாறு அவரை வேண்டினர். அறுபது வயது கடந்த நிலையில், அதுவரை பயிலாத பாடல்களைப் புதிதாகப் பாடம் செய்து, தெலுங்கு உச்சரிப்பைத் திருத்தித் திருத்திப் பயின்று, அவர் பாடிக் கொடுத்தார்.

தம் வயிற்றிற் பிறந்த மக்கள் இவருக்கு இலர். வளர்ப்பு மகள் இராதை மீரா படத்தில் இளமைக் கால மீராவாக நடித்தவர். பின்னர்க் கச்சேரிகளிலெல்லாம் அன்னையின் பின்னமர்ந்து உடன்பாடியவர். நியூயார்க்கிலும் அவ்வாறே.

1997 நவம்பரில் சதாசிவம் காலமானார். அதன்பின் அம்மையார் மேடையேறிப் பாடவில்லை. கோட்டூர்புரத்து இல்லத்தில் அமைதியாக வாழ்ந்து, 2004-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 11-ஆம் நாள், எண்பத்தெட்டாம் வயதிற் சென்னையில் உயிர் நீத்தார். அரசு மரியாதையோடு இறுதிச்சடங்கு நிகழ்ந்தது. கஸ்தூரிபா நிதிக்கு அவர் பாடி அப்பொழுது அறுபதாண்டு நிறைந்திருந்தது.